போர்ட்டோவில் ஒரு வார இறுதி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தம் ஏழு வருடமாகப் போர்ச்சுகலின் போர்ட்டோவில் இருக்கிறேன். லண்டன், பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கும் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புவார்கள். வருவதற்கு முந்தைய வாரம் ஒவ்வொருவரிடமிருந்தும் போன் வரும், கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதில்களையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

போர்ட்டோ லிஸ்பனுக்குப் பக்கத்துலதானே இருக்கு?

இல்லை. லிஸ்பனிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர், வேக ரயிலில் மூன்று மணி நேரம். டோரோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில், வடகரை மேட்டில் இருக்கும் ஊர் இது. போர்ச்சுகலின் இரண்டாவது பெரிய நகரம். நாட்டின் பெயரே இந்த ஆற்றங்கரைத் துறைமுகத்தின் பழைய ரோமானியப் பெயரான போர்ட்டுஸ் காலே என்பதிலிருந்து வந்ததுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும். தென்கரையில் இருப்பது வில நோவா டி கையா என்ற தனி ஊர். எல்லாரும் கையா என்பார்கள். புகழ்பெற்ற போர்ட் ஒயின் கிடங்குகள் எல்லாம் அந்தக் கரையில்தான். ஊர் சுற்றுவது வடகரை, ஒயின் தென்கரை, நடுவில் ஒரு பாலம். இவ்வளவுதான் வரைபடம்.

ரெண்டு நாள் போதுமா?

போர்ட்டோவும் கையாவும் மட்டும் என்றால் தாராளமாகப் போதும். முக்கியமான இடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் டோரோ பள்ளத்தாக்கையும் அதே இரண்டு நாளில் சேர்த்தால் எதையும் உட்கார்ந்து ரசிக்க முடியாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்த மாசம் வரலாம்?

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் மழை விடாமல் பெய்யும். ஜூன் 23 இரவு சாவ் ஜோவாவ் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் பிளாஸ்டிக் சுத்தியலால் உங்கள் தலையில் செல்லமாகத் தட்டுவார்கள், தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அதற்கு வருவதென்றால் அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடியுங்கள்.

நான் லண்டன்ல வேலை விசாவுல இருக்கேன். இந்தியப் பாஸ்போர்ட். விசா வேணுமா?

வேண்டும். பிரிட்டனில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் அதை வாங்கிவிட்டு, விசாவுக்கு நேரம் கிடைக்காமல் திண்டாடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் விசா மையத்தில் நேரம் கிடைக்கும் தேதியைப் பாருங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளின் குடியிருப்பு அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும்.

ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸியா, மெட்ரோவா?

மெட்ரோ. ஊதா நிற ஈ பாதை விமான நிலைய வாசலிலிருந்தே கிளம்பி, அரை மணி நேரத்தில் நகரின் நடுவே ட்ரின்டாடே நிலையத்தில் விடும். இயந்திரத்தில் அண்டாண்டே என்ற பயண அட்டையை வாங்கி, இசட்4 மண்டலத்துக்குப் பணம் போடுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம், இரண்டு பேர் ஒன்றைப் பகிர முடியாது.

ஏறும் முன் மஞ்சள் கருவியில் அட்டையைக் காட்டுங்கள். பாதை மாறும்போதும் மறுபடி காட்ட வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பரிசோதகர் வந்தால் அபராதம்தான்.

ஆத்தங்கரையிலேயே ரூம் போடலாமா? போட்டோவுல ரொம்ப அழகா இருக்கே.

ரிபெய்ரா எனும் அந்த ஆற்றங்கரைப் பகுதி அழகுதான். ஆனால் வார இறுதியில் நள்ளிரவு தாண்டியும் சத்தம் ஓயாது, பெட்டியைக் கருங்கல் பாவிய சரிவில் இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும், காலையில் எங்கே போவதென்றாலும் ஏற்றம். ட்ரின்டாடே, பொலியாவ் நிலையங்களைச் சுற்றிப் பிடித்தால் மெட்ரோவும் பக்கம், காலை நடை முழுக்க இறக்கம். நான் அதைத்தான் சொல்வேன்.

சுத்திப் பார்க்க என்னென்ன இருக்கு? எந்த வரிசையில போறது?

சனிக்கிழமை காலை பொலியாவ் சந்தையில் தொடங்குங்கள். 1914-இல் எழுந்த கட்டடம், பல வருடம் மூடிப் புதுப்பித்து 2022-இல் திறந்தார்கள். ஞாயிறு விடுமுறை, அதனால்தான் சனிக்கிழமை என்கிறேன். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் சாவ் பென்டோ ரயில் நிலையம். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சுமார் 20,000 ஓடுகள். ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் வரைந்தவை, போர்ச்சுகலின் வரலாற்றுக் காட்சிகள். எல்லாரும் நடுவில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சுவருக்கு ஓரடி தூரத்தில் போய் நில்லுங்கள். ஒரு குதிரையின் கண் இரண்டு ஓடுகளில் பாதி பாதியாகப் பிரிந்திருக்கும், தூரிகை ஓடிய திசை தெரியும். அன்றாடம் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களுக்காக இதை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பிறகு சே தேவாலயம், அங்கிருந்து சந்துகள் வழியாக ரிபெய்ரா. வழியில் துணி காயும் மாடிகள், வாசலில் உட்கார்ந்து பேசும் பாட்டிகள். இந்தப் பழைய நகரம் 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கீழே வந்ததும் தலைக்கு மேல் தோம் லூயிஸ் இரும்புப் பாலம். 1886-இல் திறந்தது, 172 மீட்டர் வளைவு. ஈஃபில் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். ஈஃபில் நிறுவனம் கட்டியது சற்றுக் கிழக்கே இருக்கும் 1877-ஆம் வருடத்து மரியா பியா பாலம். இதை வடிவமைத்தவர் ஈஃபிலின் முன்னாள் கூட்டாளி தியோஃபில் செரிக். கீழ்த்தட்டு வழியாக நடந்து கையாவுக்குப் போங்கள், திரும்பும்போது மேல்தட்டில் வாருங்கள்.

ஞாயிறு காலை க்ளேரிகோஸ் கோபுரம். 75 மீட்டர் உயரம், இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகள், மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே போகும். பக்கத்திலேயே 1906-இல் திறந்த லெல்லோ புத்தகக் கடை. நுழைவுச் சீட்டு உண்டு, புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். கூட்டம் பிடிக்காது என்றால் இதை விட்டுவிட்டு, ஒன்றாம் எண் பழைய டிராமில் ஆற்றை ஒட்டியே ஃபோஸ் கடற்கரைப் பக்கம் போய்வரலாம். நான் டிராமைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களால நடக்க முடியுமா?

இறங்குவது மட்டும் நடை, ஏறுவதற்கு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிபெய்ராவிலிருந்து மேலே வர கிண்டாய்ஸ் இழுவை ரயில் இருக்கிறது. கையாவில் கீழிருந்து மேலே போகக் கம்பிவட ஊர்தி இருக்கிறது. பாலத்தின் மேல்தட்டில் மஞ்சள் நிற டி பாதை மெட்ரோவே ஓடுகிறது. மழை பெய்தால் நடைபாதைக் கல் எண்ணெய் தடவியது போல வழுக்கும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடச் சொல்லுங்கள்.

போர்ட் ஒயின்னா என்ன? சாதா ஒயினுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

திராட்சைச் சாறு நொதிக்கும்போது அதன் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஆல்கஹாலாக மாறும். சாதா ஒயினில் அதை முடியவிடுவார்கள். போர்ட்டில் பாதி வழியிலேயே, திராட்சையிலிருந்து வடித்த 77 சதவீதச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். சுமார் நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு. நொதிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் இருக்கிறது, 19 முதல் 22 சதவீதம் வரை ஆல்கஹாலோடு காட்டமாகவும் இருக்கிறது.

திராட்சை விளைவது ஆற்றில் நூறு கிலோமீட்டர் மேலே, கோடையில் கொதிக்கும் டோரோ பள்ளத்தாக்கில். அந்த எல்லையை 1756-லேயே அரசு வரையறுத்துவிட்டது. அன்றைய அமைச்சர் பொம்பல் பிரபு போட்ட உத்தரவு அது. அங்கிருந்து ரபேலோ என்ற தட்டையான படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, கடல் காற்றும் குளிர்ச்சியும் உள்ள கையாவுக்குக் கொண்டுவந்து ஆண்டுக்கணக்கில் ஊறவைப்பார்கள். இப்போது லாரியில் வருகிறது. அந்தப் படகுகள் கையா கரையில் காட்சிக்காக மிதக்கின்றன.

பீப்பாய் என்ற நம் சொல்லே போர்த்துகீசிய பீப்பா என்பதிலிருந்து வந்ததுதான். டோரோவில் ஒரு பீப்பா என்றால் 550 லிட்டர், அது ஓர் அளவுகோலும்கூட. வழிகாட்டி அந்தச் சொல்லைச் சொல்லும்போது, கூட வந்த தமிழர்கள் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பதை ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன்.

ரூபி, டானி, வின்டேஜ்னு போட்டிருக்கு. எதை எடுக்கிறது?

ரூபி பெரிய தொட்டியில் சில வருடம் மட்டும் இருந்து வருவது. அடர் சிவப்பு, நாவல்பழம் மாதிரி பழச்சுவை. டானி சின்னப் பீப்பாயில் காற்றோடு பழகிப் பல வருடம் கிடந்தது. நிறம் வெளுத்துத் தேன் பழுப்பாகிவிடும். லேபிளில் 10, 20, 30, 40 வருடம் என்று இருக்கும். வின்டேஜ் என்பது மிக நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும் எடுப்பது. இரண்டு வருடம் போல மரத்தில் இருந்துவிட்டு, மீதி வயது முழுக்கப் பாட்டிலுக்குள்ளேயே முதிரும். வெள்ளைப் போர்ட்டும் உண்டு, ஐஸும் டானிக் தண்ணீரும் சேர்த்து வெயில் நேரத்தில் குடிப்பார்கள்.

முதல் தடவை என்றால் 10 வருட டானியையும் 20 வருட டானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள். முதலாவதில் உலர்திராட்சையும் பாதாமும் தெரியும். இரண்டாவதில் வெல்லப்பாகு, வறுத்த முந்திரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல். விழுங்கி ஒரு நிமிடம் கழித்தும் வாயில் நிற்கும். விலை அதிகமான வின்டேஜைவிட இந்த இரண்டு கோப்பையும்தான் பீப்பாயும் காலமும் என்ன செய்யும் என்பதைக் காட்டும்.

எத்தனை கிடங்கு போகலாம்? முன்பதிவு வேணுமா?

ஒன்று. ரொம்ப ஆசை என்றால் இரண்டு, ஆனால் இரண்டாவதில் சுற்றிப் பார்க்காமல் உட்கார்ந்து ஒரு கோப்பை மட்டும். கணக்குப் பாருங்கள்: ருசி பார்க்க வைக்கும் மூன்று சின்னக் கோப்பைகள் தலா 50 மில்லி என்றாலும், அதிலுள்ள ஆல்கஹால் கிட்டத்தட்ட இரண்டு சின்னப் பாட்டில் பீருக்குச் சமம். மூன்று கிடங்கு போனால் மூன்றாவதில் எதன் ருசியும் தெரியாது, இரவுச் சாப்பாடும் வீண். என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படித்தான் சனிக்கிழமை இரவு முழுவதையும் அறையில் படுத்தே கழித்தாள்.

வார இறுதிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், மாலை நாலு மணி நல்ல நேரம். சுற்றிக் காட்டுவதும் ருசி பார்ப்பதும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். சேன்டமன், காலெம் ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. டெய்லர்ஸ், கிரஹாம்ஸ் மேட்டில் இருக்கின்றன, காட்சி அருமை. நான் பெரும்பாலும் 1751-இல் ஒரு போர்த்துகீசியக் குடும்பம் தொடங்கிய ஃபெரெய்ராவுக்குக் கூட்டிப்போவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை நடத்தியவர் தோனா அன்டோனியா என்ற விதவைப் பெண். 1861-இல் டோரோவின் வலெய்ரா சுழலில் படகு கவிழ்ந்தபோது, உடன் வந்த ஃபாரஸ்டர் என்ற பிரிட்டன் ஒயின் வணிகர் மூழ்கிவிட்டார், அன்டோனியா பிழைத்தார். அவருடைய அகன்ற பாவாடை காற்றடைத்து மிதக்கவைத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்கு ஒயினே பழக்கமில்லை. அங்க போய் அசிங்கப்பட்டுட மாட்டேனா?

யாரும் பரீட்சை வைப்பதில்லை. கோப்பையின் தண்டைப் பிடியுங்கள், முதலில் முகர்ந்து பாருங்கள், சின்ன மிடறு எடுத்து வாய் முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். தோன்றுவதைத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். புளி, கருப்பட்டி, உலர்திராட்சை என்று நம் நாக்கு அறிந்த சொற்களே போதும். மிச்சம் வைப்பது தப்பே இல்லை, துப்புவதற்குத் தனிப் பாத்திரம்கூடக் கேட்கலாம். வெறும் வயிற்றில் மட்டும் போகாதீர்கள்.

அப்பா அம்மாவும் வர்றாங்க. அவங்க குடிக்க மாட்டாங்க, அவங்க முன்னாடி நாங்க குடிக்கிறதும் சங்கடம். என்ன பண்றது?

இது நியாயமான சங்கடம், இதை மறைத்துக்கொண்டு வர வேண்டாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாரும் சேர்ந்து கிடங்கைச் சுற்றிப் பார்ப்பது. உள்ளே இருட்டும் குளிர்ச்சியும், ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த வாசனையும், வரிசை வரிசையாகப் பீப்பாய்களும் ஒரு பழைய நெல் களஞ்சியம் மாதிரி இருக்கும். விவசாயக் குடும்பத்து அப்பாக்கள் எங்களைவிட அதிகக் கேள்வி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ருசி பார்க்கும் மேசையில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாறு கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே மது தரமாட்டார்கள்.

இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம் அவர்களை ஆறு பாலங்களைச் சுற்றிக் காட்டும் படகில் ஏற்றிவிடுவது. ஐம்பது நிமிடச் சவாரி. மேலே முழங்கால் பற்றிச் சொன்னதற்கும் இது பொருந்தும், உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு என்ன ஸ்பெஷல்? மாட்டுக்கறி கலந்திருக்குமா?

ஊரின் பெருமை ஃபிரான்செசீன்யா. ரொட்டிக்கு நடுவே பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும், மேலே உருகிய சீஸ், சுற்றிலும் பீரும் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த சூடான குழம்பு. 1950களில் பிரான்சிலிருந்து திரும்பிய ஒரு சமையல்காரர் உருவாக்கியது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று குடல் கறி, வெள்ளை மொச்சை மாதிரிப் பயறோடு சேர்த்து வேகவைப்பது, அதுவும் மாட்டுக் குடல்தான். 1415-இல் வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டாவைப் பிடிக்கக் கிளம்பிய கப்பற்படைக்குக் கறியெல்லாம் கொடுத்துவிட்டு ஊர் மக்கள் குடலை வைத்துக்கொண்டார்கள் என்பது கதை. இந்த ஊர்க்காரர்களைத் திரிப்பெய்ரோ, குடல் தின்பவர்கள் என்றே அழைப்பார்கள், அவர்களும் அதைப் பெருமையாகவே சொல்வார்கள்.

நம் நாக்குக்கு நான் பரிந்துரைப்பது பக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ், அவித்த முட்டை சேர்ந்த கோமிஷ் டி சா முறை இந்த ஊரிலேயே பிறந்தது.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, சைவ உணவகங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. சாதாரணக் கடையில் சாப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். கால்து வெர்தே என்ற கீரை சூப்பில் ஒரு துண்டு சாசேஜ் மிதக்கும், பயறு சாதத்திலும் கறி ஒளிந்திருக்கலாம். 'செம் கார்னே, செம் பெய்ஷே' என்று சொல்லுங்கள், கறி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள். இனிப்புக்குப் பஸ்தேல் டி நாட்டா இருக்கிறது, முட்டை சாப்பிடுபவர்களுக்கு மட்டும். அதோடு 10 வருட டானி ஒரு வாய், அந்தச் சேர்க்கை எனக்கு மிகப் பிடித்தது.

கேட்காமலே ரொட்டி, ஆலிவ் எல்லாம் கொண்டு வந்து வைக்கிறாங்க. ஃப்ரீயா?

இலவசம் இல்லை. அதற்குக் கூவேர் என்று பெயர். தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, பிடித்திருந்தால் ஐந்து பத்து சதவீதம் வைக்கலாம். பல கடைகளில் அரைப் பங்கு என்று கேட்டால் தருவார்கள், நம் வயிற்றுக்கு ஒருவருக்கு அதுவே நிறைவு.

இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஊர் சாப்பிட உட்காரும். ஞாயிறு இரவு நல்ல கடைகள் பல மூடியிருக்கும், அதனால் பெரிய விருந்தைச் சனிக்கிழமைக்கு வையுங்கள்.

போர்த்துகீசு தெரியாதே, சமாளிக்கலாமா?

ஆங்கிலம் பெரும்பாலும் ஓடும். ஆனால் உங்களுக்குத் தெரியாமலே கொஞ்சம் போர்த்துகீசு தெரியும். விடுதியில் 'ஷாவ்' என்று நீட்டுவது சாவி. 'ஜனேலா' ஜன்னல், 'மேசா' மேசை, 'வராண்டா' வராந்தா. ஐநூறு வருடத்துக்கு முன் நம் கடற்கரைக்கு வந்த சொற்கள் இவை. நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'.

சரி, டோரோ பள்ளத்தாக்கையும் எப்படியாவது சேர்க்க முடியாதா?

மூன்றாவது நாள் கிடைத்தால் சேருங்கள். ரயிலில் பின்யாவ் ஊருக்கு இரண்டரை மணி நேரம், திரும்ப அதே அளவு. போகும்போது வலது பக்க ஜன்னல், ஏனென்றால் பாதை வடகரையை ஒட்டியே போகிறது. படிக்கட்டு போல வெட்டிய மலைச் சரிவெல்லாம் திராட்சை. செப்டம்பரில் அறுவடை நடக்கும். இரண்டே நாள்தான் என்றால் இதற்காகச் சனிக்கிழமையைப் பலியிட வேண்டாம். கார் எடுத்துப் போகும் யோசனை இருந்தால், மேலே சொன்ன பீர் கணக்கை நினைவில் வையுங்கள். இங்கே ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு.

ஊருக்குப் பாட்டில் கொண்டு போகலாமா?

கைப்பையில் முடியாது, 100 மில்லி விதி. பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள், அல்லது பாதுகாப்புச் சோதனை தாண்டியபின் உள்ளே இருக்கும் கடையில் வாங்குங்கள். இந்தியாவுக்கு என்றால் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. பரிசு கொடுப்பதென்றால் டானி வாங்குங்கள். திறந்தபின் மூடி குளிரில் வைத்தால் சில வாரம் தாங்கும். வின்டேஜ் இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும்.

ஞாயிறு ராத்திரி ஃப்ளைட். கடைசி ரெண்டு மணி நேரம் எங்க போறது?

பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு டி பாதை மெட்ரோவில் ஜார்திம் தோ மோரோ நிலையத்தில் இறங்குங்கள். பாலத்தின் கையா முனையில் புல்வெளிச் சரிவு. யாராவது கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்கள், எதிர்க்கரைக் கூரைகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகும். சூரியன் ஆற்றின் வாய்ப்பக்கம் இறங்கியதும் எழுந்து பாலத்தின் மேல்தட்டில் நடந்தே திரும்புங்கள், பத்து நிமிடம்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு ட்ரின்டாடேயில் ஈ பாதை. அட்டையை மறுபடி காட்ட மறக்காதீர்கள்.